பத்து ஆம்பியருக்குள் ஒரு வீடு

கெட்டில் சத்தம் நின்றதைத்தான் முதலில் கவனித்தேன். வேல்ஸில் ஸ்னோடோனியா மலைப் பக்கம் ஒரு கேம்ப் சைட். 2022 மே மாதம், இரவு பத்தரை மணி, வெளியே விடாத மழை. காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவன் ஒன்று வாங்கி நாங்கள் போன முதல் பயணம் அது. பிள்ளைகளுக்கு ஹார்லிக்ஸ் கலக்க மனைவி கெட்டிலைப் போட்டாள். தண்ணீர் இரையத் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இரைச்சல் அப்படியே அடங்கிப்போனது. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்ததால் கரண்ட் போனது தெரியவில்லை. கெட்டில்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தோம். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் புளித்திருந்தது.

நடந்தது இதுதான். கேரவனில் விளக்குகள் 12 வோல்ட் பேட்டரியில் எரியும். ஃபிரிட்ஜ், கெட்டில், வெந்நீர் எல்லாம் சைட்டில் நட்டிருக்கும் கரண்ட் கம்பத்திலிருந்து 230 வோல்ட்டில் வரும். அந்தக் கம்பத்தில் எனக்குக் கொடுத்திருந்தது 10 ஆம்பியர். 230-ஐ பத்தால் பெருக்கினால் 2300 வாட். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன கெட்டில் மட்டுமே 3000 வாட். அதோடு வெந்நீர் பாய்லர் 850, ஃபிரிட்ஜ் 125, பேட்டரி சார்ஜர் நூற்றுச் சொச்சம். மொத்தம் 4000 வாட்டைத் தாண்டிவிட்டது, கிட்டத்தட்ட 18 ஆம்பியர். கம்பத்தில் இருந்த பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? அந்தப் பெட்டி பூட்டியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு சைட் வார்டன் வந்து திறந்து தூக்கிவிட்டார்.

கோவை கணபதியில் என் அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தக் கடைதான் எனக்கு விளையாட்டு மைதானம். வாட், வோல்ட், ஆம்பியர் கணக்கு எனக்கு வாய்ப்பாடு மாதிரி. இருந்தும் அந்தக் கணக்கை நான் போடவில்லை. கேரவன் வாங்கிய இரண்டு மாதமும் மலிவாக எது கிடைக்கிறது என்று தேடித்தேடி வாங்கினேனே தவிர, வாங்கியதெல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கவில்லை.

நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி. இங்கே இங்கிலாந்தில் அது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். 1997 ஜனவரி 1-க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் பெரிய கேரவன் இழுக்கத் தனியாக ஒரு ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வு இல்லை, சாதாரண கார் லைசென்ஸிலேயே 3500 கிலோ வரை இழுக்கலாம். என்னைப் போலப் பலர் அதற்குப் பிறகுதான் இதில் இறங்கினோம். எங்களுடையது 2007 மாடல், நாலு பேர் படுக்கலாம். ஆறு வாரப் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு நாலு பேர் டிக்கெட் எடுக்கிற காசில் பாதிதான் அதன் விலை என்று மனைவியிடம் சொல்லி வாங்கினேன். ஆனால் வண்டி வாங்கின பிறகுதான் செலவே தொடங்குகிறது. அந்தச் செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்று மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

மில்டன் கீன்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷம் கேரவன் இழுத்தவர். வேல்ஸ் கதையைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு அட்டையை எடுத்து வந்தார். அவர் கேரவன் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது அது. ஒவ்வொரு சாமானுக்கும் நேராக அதன் வாட்டை எழுதாமல் ஆம்பியரை எழுதி வைத்திருந்தார். கெட்டில் 4, பாய்லர் 4, மைக்ரோவேவ் 5, ஃபிரிட்ஜ் அரை, சார்ஜர் 1. "எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள், கூட்டினால் பத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியணும்" என்றார். அன்றே எங்கள் கேரவனுக்கும் அப்படி ஒரு அட்டை எழுதினேன். என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. "அப்பா, பாய்லர் ஓடுது, இப்ப ஹீட்டர் வேண்டாம்" என்று இப்போதெல்லாம் அவள்தான் சொல்கிறாள்.

மைக்ரோவேவில் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியில் 700 வாட் என்று போட்டிருப்பது சாப்பாட்டுக்குள் போகிற சூடு. அது கம்பத்திலிருந்து இழுப்பது 1100, 1200 வாட் வரை இருக்கும். பின்பக்கத் தகட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த அட்டை கையில் வந்த பிறகு என் தேடலே மாறிவிட்டது. அதற்கு முன்பு கெட்டில் என்றால் எது விலை குறைவு என்று பார்ப்பேன். பிறகு எது 900 வாட்டுக்குள் இருக்கிறது என்று பார்த்தேன். கேம்பிங் கடைகளில் இந்தக் குறைந்த வாட் கெட்டிலுக்கு நல்ல விலை. அதே வகைக் கெட்டிலைப் பயணக் கெட்டில் என்ற பெயரில் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் கடையில் ஆறு பவுண்டுக்கு எடுத்தேன். அவர்கள் பழைய மின்சாமான்களைச் சோதித்துத்தான் விற்பனைக்கு வைக்கிறார்கள். தண்ணீர் கொதிக்க மூன்று மடங்கு நேரமாகும், அவ்வளவுதான். விடுமுறையில் யாருக்கு என்ன அவசரம்?

இனி என் பெரிய தப்பு. கம்பத்துக்கும் கேரவனுக்கும் இடையில் ஒரு நீளமான கேபிள் உண்டு. இரண்டு முனையிலும் நீல நிற மூன்று பின் கனெக்டர், ஆரஞ்சு நிற ஒயர். முறையானது 25 மீட்டர் நீளம், உள்ளே ஒவ்வொரு கம்பியும் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அப்போது புதிதாக வாங்கினால் நாற்பது பவுண்டு பக்கம் வந்தது. இணையத்தில் ஒருவர் பதினெட்டு பவுண்டுக்குப் போட்டிருந்தார். அதே ஆரஞ்சு, அதே நீலம், படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. வாங்கிவிட்டேன். ஒயரின் மேலே அச்சடித்திருந்த எழுத்தைப் படிக்கவில்லை. அதில் 1.5 என்றுதான் இருந்தது.

அந்த அக்டோபரில் நார்ஃபோக் கடற்கரையில் ஒரு சைட். அங்கே 16 ஆம்பியர் கொடுத்தார்கள். தாராளம்தானே என்று இரண்டு கிலோவாட் ஹீட்டரை இரவு முழுக்க ஓடவிட்டேன், கூடவே பாய்லர். கம்பம் பக்கத்திலேயே இருந்ததால் ஆறு மீட்டர் கேபிள் போதுமாக இருந்தது. மீதியைச் சுருட்டி வட்டமாகக் கேரவனுக்கு அடியில் போட்டிருந்தேன். அதிகாலை நாலரை மணிக்கு மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். "என்னங்க, ஏதோ கருகுற வாசம் வருது."

அந்த வாசம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா கடையில் எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது வருமே, வார்னிஷும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வெந்த வாசம். ஓடிப்போய் கம்பத்தில் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கேபிளைத் தொட்டேன். சுருட்டி வைத்த இடத்தில் கை வைக்க முடியவில்லை. நாலைந்து சுற்று ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் ஓடினால் ஒயர் சூடாகும். நீளமாக விரிந்திருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருட்டி வைத்தால் நடுவில் இருக்கும் சுற்றுக்குச் சூட்டை வெளியேற்ற வழியே இல்லை. அதனால்தான் தேவை இரண்டு மீட்டராக இருந்தாலும் முழுக் கேபிளையும் விரித்துப் போடச் சொல்கிறார்கள். நாங்கள் இப்போது கேரவனுக்கு அடியில் பாம்பு போல முன்னும் பின்னுமாகத் தளர்வாக விரித்துப் போடுகிறோம். மெல்லிய ஒயர், சுருள், ராத்திரி முழுக்க ஹீட்டர் என்று மூன்றும் சேர்ந்ததால் வந்த வினை அது. மேலே நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வீட்டுக்கு வந்து நீலக் கனெக்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு பின் பழுப்பாகியிருந்தது. ஒயரின் பாதி இழைகளை வெட்டிவிட்டு, மீதியை ஸ்க்ரூவில் ஓரமாகக் கவ்வ விட்டிருந்தார்கள். விரலால் தொட்டதும் ஸ்க்ரூ ஆடியது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன். இது அப்பா கற்றுக்கொடுத்தது. கடைக்கு எந்த ஒயர் வந்தாலும் முதலில் சுரண்டித்தான் பார்ப்பார். நல்ல செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் உள்ளேயும் செம்பு நிறம்தான். இதில் மேல்பூச்சு போனதும் உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். அதே தடிமனில் அலுமினியம் செம்பைவிடக் குறைவாகத்தான் கரண்ட் தாங்கும். எடையும் குறைவு. அந்தக் கேபிளைத் தூக்கும்போதே லேசாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. தூக்கச் சுலபமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அதிலிருந்து வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறேன். 230 வோல்ட் ஓடுகிற எதையும் வெறும் விலை பார்த்து வாங்குவதில்லை. கேபிள், கனெக்டர், எக்ஸ்டென்ஷன் போர்டு, ஹீட்டர் எல்லாம் புதிதாக, பெயர் தெரிந்த கடையில், பில்லோடு. இங்கேயும் காசை மிச்சப்படுத்த வழி இருக்கிறது. கேரவன் சாமான் கடைக்குப் போகாமல், எலக்ட்ரீஷியன்கள் வாங்கும் ஸ்க்ரூஃபிக்ஸ், டூல்ஸ்டேஷன் கவுன்டருக்குப் போனால் அதே நீல 16 ஆம்பியர் கனெக்டர் கணிசமாக விலை குறைவு. கட்டடம் கட்டுகிற இடங்களில் தினம் அடிபடுகிற சாமான் என்பதால் உறுதியாகவும் இருக்கும்.

"கேரவன்" என்ற சொல்லுக்கே இங்கே ஒரு விலை இருக்கிறது. 12 வோல்ட் தண்ணீர் பம்பு, உள்விளக்கு, யூஎஸ்பி சாக்கெட், பியூஸ் பெட்டி இவை எல்லாம் படகுக்காரர்களும் குதிரைகளை ஏற்றிச்செல்லும் வண்டி வைத்திருப்பவர்களும் வேன் ஓட்டுகிறவர்களும் பயன்படுத்துகிறவை. அந்தப் பெயர்களில் தேடினால் அதே பொருள் வேறு விலையில் வரும். பழைய சாமான் விளம்பரங்களில் இன்னொன்று செய்வேன். கேரவன் என்ற ஆங்கில வார்த்தையை ஸ்பெல்லிங் தப்பாக அடித்துத் தேடுவேன். அவசரத்தில் தப்பாக எழுதிப் போட்டவர்களின் விளம்பரம் மற்றவர்கள் கண்ணில் படாது, போட்டி குறைவு. எங்கள் வண்டியின் பிரேக் பூட்டு அப்படிக் கிடைத்ததுதான்.

கருவிகள் வாங்க எனக்குப் பிடித்த இடம் கார் பூட் சேல். வயல்வெளியில் வரிசையாகக் கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்கிற ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை நடக்கும். ஆறரை மணிக்கே போய்விட வேண்டும், அதற்கு முன்பே வியாபாரிகள் டார்ச் அடித்துப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். மின்சாரம் ஓடாத இரும்புச் சாமானுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நல்ல ஷெஃபீல்டு எஃகில் செய்த ஸ்பானர், கட்டிங் பிளேயர், ரம்பம் எல்லாம் ஒன்று ஒரு பவுண்டு. துரு பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம், வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி எண்ணெய் போட்டால் போதும். ஸ்பானரின் வாய் விரிந்திருக்கிறதா, பிளேயரின் தாடை மூடும்போது இடைவெளி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும்.

ஆனால் அங்கே எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்காதீர்கள். இந்த நாட்டு மூன்று பின் பிளக்கில் படுக்கைவாட்டில் இருக்கும் இரண்டு பின்களின் அடிப்பகுதியில் மட்டும்தான் கறுப்புப் பிளாஸ்டிக் உறை இருக்கும். மேலே இருக்கும் நீளமான எர்த் பின் முழுக்க உலோகமாகத்தான் இருக்க வேண்டும். எர்த் பின்னிலும் உறை போட்டிருந்தால் அந்த பிளக் விதிப்படி செய்யப்படாதது, கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வந்தால் கத்தும் அலாரம் ஒன்றும் அங்கே இரண்டு பவுண்டுக்குக் கண்ணில் பட்டது. புத்தம் புதுசு மாதிரிதான் இருந்தது. திருப்பிப் பார்த்தேன், மாற்ற வேண்டிய வருஷம் என்று 2017 போட்டிருந்தது. அந்த அலாரத்தின் உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஏழிலிருந்து பத்து வருஷம்தான் ஆயுள். பட்டனை அமுக்கினால் கத்தும், ஆனால் பட்டன் சோதிப்பது பேட்டரியையும் பஸ்ஸரையும்தான். கேஸ் அடுப்பும் கேஸ் ஹீட்டரும் இருக்கிற சின்ன அறையில் குழந்தைகளோடு தூங்குகிறவர்கள் இதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

கேரவனின் நாலு மூலையிலும் கீழே இறக்கும் கால்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் கைப்பிடி போட்டு ஐம்பது அறுபது சுற்றுச் சுற்ற வேண்டும். மழையில் மண்டி போட்டு அதைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அந்தத் தண்டின் முனை 19 மில்லிமீட்டர் ஆறு பட்டை நட்டு. கேரவன் கடையில் அதற்கென்று டிரில்லில் மாட்டும் அடாப்டர் விற்கிறார்கள். சாதாரண 19 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பானரும் அதை டிரில்லில் கோக்கும் துண்டும் சேர்த்து எனக்கு மூன்று பவுண்டுதான் ஆனது. டிரில்லை வைத்துக் கால் தரையைத் தொடும் வரை இறக்கலாம், அதற்கு மேல் கையால்தான். டிரில்லின் பலத்தில் வண்டியையே தூக்கினால் கால் வளைந்துவிடும். தூக்குவது அந்தக் கால்களின் வேலையும் இல்லை, ஆடாமல் பிடித்துக்கொள்வதுதான்.

அந்த டிரில் வாங்கின விதத்தில் ஒரு பாடம் உண்டு. முதலில் பூட் சேலில் நாலு பவுண்டுக்கு நல்ல கம்பெனி டிரில் ஒன்று வாங்கினேன். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி, இரண்டும் செத்திருந்தன. அந்த வகைப் பேட்டரி இப்போது கடையில் கிடைப்பதில்லை. பேட்டரிக் கருவி வாங்கும்போது நாம் வாங்குவது உண்மையில் பேட்டரிக் குடும்பத்தைத்தான். ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு பேட்டரி இல்லாத வெறும் கருவிகளை மலிவாகச் சேர்க்கலாம். நான் லிடில் கடையின் பார்க்சைடு 20 வோல்ட் குடும்பத்தில் நின்றேன். வருஷத்துக்குச் சில நாள் பயன்படுத்துகிற எனக்கு அது போதும், மூன்று வருஷ வாரண்டியும் உண்டு. 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டு பெயரில் விற்கிறார்களே என்று குழம்ப வேண்டாம். உள்ளே இரண்டிலும் ஐந்து லித்தியம் செல்தான் தொடராக இருக்கும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், அதைக் கூட்டி முழு எண்ணாக 20 என்கிறார்கள். வேலை செய்யும்போது 3.6, அதைக் கூட்டினால் 18.

ஒரே ஒரு கைக்கருவியை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். டார்க் ரெஞ்ச், அதாவது நட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் கருவி. கேரவன் சக்கரம் ஓட்டத்தில் கழன்று போவது இங்கே எல்லோரும் பயப்படுகிற விஷயம். நட்டை வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த ரெஞ்சின் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. முறுக்கின அளவிலேயே வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்திருந்தால் அளவு தப்பியிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. புதிதாக இருபது பவுண்டுக்கே நல்லது கிடைக்கிறது. வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும்.

12 வோல்ட் பக்கம் வந்தால் மனம் நிறைய மிச்சம் பிடிக்கலாம். எங்கள் வண்டியில் உள்விளக்கெல்லாம் 10 வாட் ஹாலஜன். ஆறு விளக்கு நாலு மணி நேரம் எரிந்தால் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கின கணக்கு) போய்விடும். அதே சாக்கெட்டில் உட்காரும் ஜி4 எல்இடி பல்பு ஒன்று இரண்டு வாட்டுக்குள். இப்போது அதே நாலு மணி நேரத்துக்கு நாலு ஆம்பியர் ஹவர். பத்துப் பல்பும் சேர்த்து பன்னிரண்டு பவுண்டு. வாங்கும்போது 10 முதல் 30 வோல்ட் வரை என்று எழுதியிருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். சார்ஜர் ஓடும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும். வெறும் 12 வோல்ட் என்று போட்ட பல்புகள் அதைத் தாங்காமல் ஒரு சீசனிலேயே மினுக்க ஆரம்பித்துவிடும். நான் செலவழித்ததிலேயே இந்தப் பன்னிரண்டு பவுண்டுக்குக் கிடைத்த பலன்போல எதிலும் கிடைக்கவில்லை.

பேட்டரி விஷயத்தில் பழையது வாங்கிப் பார்த்தேன். 110 ஆம்பியர் ஹவர் என்று லேபிள், 25 பவுண்டு, மல்டிமீட்டரில் 12.7 வோல்ட் காட்டியது. முழு சார்ஜ் என்று அர்த்தம். ஆனால் வோல்ட் என்பது தொட்டியில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று மட்டும்தான் சொல்லும், தொட்டி எவ்வளவு பெரியது என்று சொல்லாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதற்கு ஒரு சோதனை சொன்னார். காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு இரண்டை இணைத்துவிட்டு நேரம் பார்க்க வேண்டும். அவை மூன்றரை ஆம்பியர் இழுக்கும். நல்ல 110 பேட்டரி என்றால் பாதியாக இறங்கப் பதினைந்து மணி நேரம் ஆகும். அவ்வப்போது பல்பைக் கழற்றி, பேட்டரிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு வோல்ட் பார்த்தால், 12.2 என்பது பாதி. என்னுடையது நாலு மணி நேரத்தில் அங்கே வந்துவிட்டது. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் இப்படித்தான் தகடுகள் வீணாகும். அதற்கு முன்பு அதை வைத்திருந்தவர் என்ன செய்தாரோ! இப்போது புதிது வாங்கும்போதும் குளியலறை எடை மெஷினில் ஏற்றிப் பார்க்கிறேன். 110 என்று சொல்லும் ஈய பேட்டரி 25 கிலோ அக்கம்பக்கம் இருக்க வேண்டும். இருபதுக்கும் கீழே இருந்தால் உள்ளே ஈயம் குறைவு, லேபிள்தான் பெரிசு.

சோலார் பலகையிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் கண்ட்ரோலரிலும் இதே எடைச் சோதனை உதவும். எம்பிபிடி (பலகையிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரத்தை எடுக்கும் வகை) என்று எழுதிப் பத்துப் பவுண்டுக்கு விற்பவற்றைக் கையில் எடுத்தால் சீட்டுக்கட்டு மாதிரி லேசாக இருக்கும். நிஜமான எம்பிபிடிக்குள் கனமான காயில் இருந்தாக வேண்டும். காயில் கட்டும் கடைக்காரர் மகன் நான், இதில் என்னை ஏமாற்ற முடியாது.

2024-இல் படகேறி பிரான்சுக்குப் போனோம். அங்கே பல சைட்டுகளில் ஆறு ஆம்பியர்தான், அட்டையைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. அங்கே ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது சாதாரணம். இங்கிலாந்துக் கேரவன்கள் பலவற்றில் சாக்கெட் ஸ்விட்ச் ஒரு ஒயரை மட்டும் துண்டிக்கும் என்பதால், மாறியிருந்தால் ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் இருக்கும். மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் ஏழு பவுண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கம்பத்தில் இணைத்ததும் முதல் வேலையாக அதைச் செருகிப் பார்க்கிறேன், பிறகு கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிடி ஸ்விட்சின் டெஸ்ட் பட்டனை அமுக்குகிறேன். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அந்த டெஸ்டர் முழுதாகச் சொல்லிவிடாது. அதற்கு வருஷம் ஒருமுறை தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் காட்டுகிறோம். அந்தக் காசில் நான் பேரம் பேசுவதில்லை.

எப்போது வாங்குவது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வது செப்டம்பர், அக்டோபர். பல சைட்டுகள் குளிர்காலத்துக்கு மூடிவிடும், கடைகளுக்கு இடம் காலியாக வேண்டும். ஆல்டி, லிடிலில் வசந்தத்தில் வரும் கேம்பிங் சாமானில் விற்காமல் போனதும் கோடை முடியும்போது விலை இறங்கி மூலையில் கிடக்கும். இணையத்தில் ஒரு வியாபாரியிடம் வாங்கினால் கையில் வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பழுதாக இருந்தால் 30 நாளுக்குள் முழுப் பணமும் திரும்பக் கேட்கும் உரிமை 2015-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. தனி ஆளிடம் வாங்கும்போது இந்த இரண்டும் கிடையாது, அங்கே நம் கண்தான் காவல்.

எல்லாவற்றையும்விட நல்ல பேரம் அப்படி ஒரு தனி ஆளிடம்தான் எனக்குக் கிடைத்தது. கருகின கேபிளைத் தூக்கிப் போட்ட அடுத்த மாதம், பெட்ஃபோர்டு பக்கம் வயதான அம்மா ஒருவர் விளம்பரம் கொடுத்திருந்தார். கணவர் காலமாகிவிட்டார், கேரவனை விற்றாயிற்று, கராஜில் இருக்கும் சாமான் எல்லாம் சேர்த்து அறுபது பவுண்டு. 40 லிட்டர் அக்வாரோல் தண்ணீர் உருளை, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சரிவுக்கட்டை, கேரவனின் முன்பக்கம் கார் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் மூக்கு எடைக் கருவி, ஒரு டப்பா நிறைய பியூஸ் என்று எல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருந்தது. கூடவே கம்பத்திலிருந்து கேரவனுக்கு இழுக்கும் ஒரு ஹூக் அப் கேபிள்.

230 வோல்ட் சாமான் பழையதாக வாங்க மாட்டேன் என்ற விதி நினைவுக்கு வந்தது. அதை மட்டும் விட்டுவிடுகிறேன் என்றேன். அந்த அம்மா கேபிளின் ஒரு முனையை எடுத்துக் காட்டினார். கனெக்டரைச் சுற்றி வெள்ளை டேப், அதில் பேனாவால் தேதிகள். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் இரண்டு கனெக்டரையும் திறந்து ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு அவர் கணவர் தேதி எழுதியிருக்கிறார். பதினோரு தேதிகள் இருந்தன. ஒயரின் மேலே 2.5 என்று அச்சு தெளிவாகத் தெரிந்தது. நான் கிளம்பும்போது அந்த அம்மா என்னை நிறுத்தி, கேபிளை முறுக்கு விழாமல் எட்டு வடிவத்தில் எப்படி மடிக்க வேண்டும் என்று தன் கையாலேயே மடித்துக் காட்டினார். கணவர் அப்படித்தான் மடிப்பாராம்.

வீட்டுக்கு வந்து இரண்டு முனையும் திறந்து பார்த்தேன். இழை ஒன்றுகூட வெட்டுப்படவில்லை, உலோகத் தொப்பி போட்டு நேர்த்தியாக இறுக்கியிருந்தார். ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே சுத்தமான செம்பு. எலக்ட்ரீஷியன் இன்சுலேஷன் சோதனை செய்து சரி என்ற பிறகுதான் வண்டியில் ஏற்றினேன். மூன்று வருஷமாக அதுதான் ஓடுகிறது. அந்த டேப்பை நான் உரிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு ஒட்டி, போன ஏப்ரலில் மூன்றாவது தேதியை எழுதினேன்.